மூணு பிளாக்கு

உமாராணி: வாங்க, வாங்க! போன்ல "பிளாக்கு மூணுன்னு சொல்லிட்டாங்க"ன்னீங்க, அதோட லைன் கட்டாயிடுச்சு. கேசரி கிண்டிட்டேன்!

இசக்கிமுத்து: கேசரியா... எதுக்கு உமா?

உமாராணி: எதுக்கா? ரெண்டு வருஷமா வேற குவார்ட்டர்ஸ் கேட்டுக்கினு கெடக்குறோம், எதுக்குங்கறாரு!

இசக்கிமுத்து: அது வந்து...

உமாராணி: மூணாவது பிளாக்குல எங்க? கீழ் வூடா, மாடியா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க.

இசக்கிமுத்து: இடது பக்கம் ரெண்டு... வலது பக்கம் ஒண்ணு.

உமாராணி: என்னது, ரூமா?

இசக்கிமுத்து: கொஞ்சம் உக்காரு.

உமாராணி: யாருதான் சொன்னாங்க?

இசக்கிமுத்து: டாக்டர்.

உமாராணி: டாக்டர் எதுக்குங்க வூடு குடுக்கறாரு? கொழப்பாதீங்க!

இசக்கிமுத்து: நேத்து ஓ.டி. டூட்டின்னு சொன்னேன்ல... ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். மைன்ஸ்ல மயக்கமா வந்துச்சு, கூட வேல பாக்குற அருண்ராஜ்தான் கூட்டிட்டுப் போனான். ஆஞ்சியோ பண்ணாங்க.

உமாராணி: ஆஞ்சியோவா... அப்போ பிளாக்குன்னது...

இசக்கிமுத்து: நெஞ்சுல. ரத்தக் குழாய்ல மூணு எடத்துல அடைப்பு.

உமாராணி: இருங்க. வூட்டுக்கும் பிளாக்கு, நம்ம பொண்ணு ஹரிணி போன்ல எவனயோ பேச வுடாம தடுத்து வச்சிருக்காளே, அதுவும் பிளாக்கு... நெஞ்சுக்கும் அதேவா? வேற வார்த்தையே கெடைக்கலயா அவனுங்களுக்கு?

இசக்கிமுத்து: சொல்லத்தான் போன் பண்ணேன். நீ "கெடச்சிடுச்சா!"ன்னு கத்துன பாரு... அதுக்கு மேல வாய் வரல. லைன் கட்டாகல. நான்தான் வச்சேன். அடுத்த வாரம் சென்னையில ஆபரேஷன். சரியாயிடும்னு சொல்லிட்டாங்க. அழாத. அவ்ளோ ஆசையா ஒனக்கு அந்த வீட்டு மேல? இந்த மாடி வீடு என்ன பண்ணுச்சு ஒன்ன?

உமாராணி: என்னய ஒண்ணும் பண்ணல. ஷிப்டு முடிஞ்சு வரும்போது பாதிப் படியில நெஞ்சப் புடிச்சிக்கினு நிப்பீங்க. மூச்சு அடங்குனதும் ஒண்ணுமே இல்லாத மாதிரி விசிலடிச்சிக்கினு மேல வருவீங்க. கதவு சந்துல தெனம் பாத்துக்கினுதாங்க இருந்தேன். கேட்டா மறைப்பீங்க... அதான், கீழ் வூடு கேட்டேன்.