வாய்க்குள் மூன்று வாரம்

— தொடப்பிடாது ரெனி. கைய மடியில வச்சிட்டு இரி. இன்னிக்கு ஒனக்கு வேல கெடையாது, பாக்கது மட்டும்தான்.

— நான் தொடல்ல அப்பா. டியூப்பு நழுவிச்சு, கை தானா வந்துட்டு. சரி, தொடங்குங்க. மீன்தொட்டிய அப்பா ஒத்தைக்குப் பாத்துப்பீங்களான்னு இது மூணாவது டெஸ்ட்டு. இதுலயும் அப்பா தோத்தா நான் திரும்பவும் டிக்கெட்ட மாத்தணும். அயர்லாந்துல அந்த ஆஸ்பத்திரிக்காரங்க இனி ஒரு வாட்டி பொறுக்க மாட்டாங்க.

— ரெண்டு வாட்டி பொறுத்தவங்க மூணாவது வாட்டியும் பொறுப்பாங்க. நான் முப்பது வருஷம் கண்டக்டரா நின்னவனாக்கும். ஓடி வாற ஆளுக்காக எத்தர மட்டம் ஒத்த மணி அடிச்சு வண்டிய நிறுத்தியிருக்கேன்.

— அது பஸ்ஸு. இது வேல. வியாழக்கிழம நான் ஏறல்லன்னா வேற நர்ஸ எடுத்துப்பாங்க. முதல்ல வெள்ளம் மாத்துறதச் சொல்லுங்க.

— வாரத்துக்கொருக்கா, தொட்டியில மூணுல ஒரு பங்கு உறிஞ்சி எடுக்கணும்.

— அது போதும். புது வெள்ளம்?

— பைப்புல பிடிச்சு நேரா ஊத்தணும்.

— அப்பா.

— என்ன மக்ளே.

— போன டெஸ்ட்டுலயும் இதேதான் சொன்னீங்க. பைப்பு வெள்ளத்துல மருந்து கெடக்கு. நேரா ஊத்தினா பதினஞ்சு மீனும் மல்லாந்திரும். ஒரு நாள் வாளியில தொறந்து வச்சிட்டுத்தான் ஊத்தணும்.

— ஆமா, வாளி. அது நீ சொன்னதுதான். வயசாச்சு பாத்தியா, நிக்க மாட்டேங்குது.

— கல்லாத்துல இருந்து ஒரு சாக்குக் கல்லு சுமந்தப்போ வயசாகல்லியா?

— என்ன வடிவுள்ள கல்லு அது. முட்ட மாதிரி. நம்ம பஸ்ஸுல நம்மகிட்டயே லக்கேஜ் டிக்கெட்டு போட்டான் அந்தச் சின்னக் கண்டக்டர் பய. அதையும் எடுத்துட்டுக் கொண்டு வந்தா, பழவங்காடியில அந்த வளப்பு மீன்கடை விஜின் சிரிக்கான்.

— சிரிக்காம பின்ன? இந்த ஊரு வெள்ளம் இளசு, சுண்ணாம்பே கெடையாது. இதுகள் ஆப்பிரிக்காவுல ஒரு பெரிய ஏரியில உள்ள மீனு. சுண்ணாம்பு கரைஞ்ச வெள்ளந்தான் வேணும். கல்லாத்துக் கல்லு நூறு வருஷம் கெடந்தாலும் ஒரு பொடி கரையாது. அதுக்குத்தானே சுண்ணாம்புக் கல்லும் கடல் சிப்பியும் போட்டோம்.

— உனக்க அம்மைக்க ஊருலயும் அப்பிடித்தான். திசையன்விளையில ஒரு செம்பு வெள்ளம் கொதிக்க வச்சா, அடியில வெள்ளையாப் படியும். கெட்டி இங்க கூட்டிட்டு வந்த அன்னைக்கு ஒரு மடக்கு குடிச்சா. இந்த வெள்ளத்துல ஒண்ணுமே இல்லியேன்னா. கண்ண மூடது வர அதையேதான் சொன்னா.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல்ல. மேல பாரு.

— எங்க?

— மச்சுல. மழ இருட்டிட்டு வந்தா இந்தத் தொட்டி வெளிச்சம் மேல அலையா ஓடுது. நேத்து மத்தியானம் சாஞ்சு கெடந்து பாத்தேன். வீட்டோட வெள்ளத்துக்கு அடியில போன மாதிரி இருந்துது. அப்பிடியே கண்ணு செருகிட்டு.

— ஒறங்கினீங்களா, சாப்பிடாம?

— நம்ம பஸ்ஸு ஏரிக்கு அடியில போகுது மக்ளே. சத்தமே இல்ல. ஒவ்வொரு கல்லும் ஒரு ஸ்டாப்பு. மஞ்சக்காரன் செட்டைய ஆட்டி நிறுத்துகான். நீலக்காரன் படியில தொங்குகான். முன்னால சீட்டுல உனக்க அம்மை இருக்கா. எங்க எறங்கணும் எலிசாள்னு கேக்கேன். வாயத் தொறக்கல்ல. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு.

— இந்தச் சாம்பல் மீனப் பாத்துப் பாத்துத்தான் அப்பிடி வந்திருக்கும்.

— இருக்கும். டிக்கெட்டு கிழிக்கல்ல நான். எங்க வேணும்னாலும் எறங்கட்டும்னு விட்டுட்டேன்.

— இன்னிக்கு எத்தர நாளாச்சு அது வாய மூடி?

— இருவத்தொண்ணு. வாய்க்குள்ள குஞ்ச வச்சிட்டு மூணு வாரமா ஒரு பொட்டுத் தின்னல்ல. மத்தவனெல்லாம் தீனிக்கு மேல வந்து முட்டுவான், இது கல்லுக்குப் பொறத்தால நின்னு பாத்துட்டே இருக்கும். நான் நோவுன்னு நெனச்சு மருந்து ஊத்தப் போனேன். நல்ல வேள, நீ கையப் பிடிச்ச.

— ஊத்தியிருந்தா பயந்து முழுங்கியிருக்கும். அதுனாலதான் அப்பா, எனக்குப் போக மனசு வர மாட்டேங்குது. நான் எதுக்கு இந்தத் தொட்டிய வச்சேன்? அப்பா கதவத் தொறந்து உள்ள வந்தா, ஏதாவது ஒண்ணு அப்பாவ நோக்கி ஓடி வரணும். மீனாவது கண்ணாடிக்கு ஓடி வரட்டும்னு வச்சேன். இப்போ அதுவே எனக்குப் பயமா இருக்கு. ஒரு வாளி வெள்ளத்துல எல்லாம் செத்துப் போச்சுன்னா, இந்த வீட்டுல அப்பா எப்பிடி இருப்பீங்க?

— இரி. கண்ணாடிக் குழாயில தொட்டி வெள்ளம் பிடிச்சாச்சு, சொட்டு மருந்து விடட்டா? அதையும் பாத்துரு.

— விடுங்க. எத்தர சொட்டு?

— மூணு. ஒண்ணு... ரெண்டு... மூணு. குலுக்கியாச்சு.

— இனி நிறத்த அட்டையோட வச்சுப் பாருங்க. மஞ்சன்னா புளிப்பு, பச்சன்னா போதாது, நீலந்தான் வேணும். இப்போ என்ன நிறம்?

— பச்ச.

— நல்லாப் பாருங்க அப்பா. ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க.

— பச்சதான் மக்ளே. சோடாப்பொடி ரெண்டு கரண்டி கொட்டட்டா?

— வேண்டாம். கீழ வைங்க. போதும்.

— தோத்துட்டேனா?

— நான் ஏஜென்சி நீலகண்டன் சாரக் கூப்பிடுறேன். டிக்கெட்ட மாத்த வேண்டாம், கேன்சலே பண்ணச் சொல்றேன். ரெனி வரல்லன்னு அங்க எழுதிடட்டும். போகட்டும், பரவாயில்ல. இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு.

— அங்க மணி அடிக்குதா? எடுத்துட்டாரா?

— இன்னும் எடுக்கல்ல.

— ரெனி, பைய. அசையாத. கல்லுச் சந்துல பாரு.

— என்ன?

— சாம்பல்காரி வாயத் தொறக்கா.

— ஐயோ, ஆமா அப்பா. ஒண்ணு வந்துட்டு. இன்னொண்ணு.

— பொடி மணலு மாதிரி. கண்ணு மட்டுந்தான் இருக்கு ஒவ்வொண்ணுக்கும். பன்னண்டு... பதிமூணு... எப்பிடி அடங்கிக் கெடந்துது இத்தனையும்?

— மத்த மீனு தின்னுடுமே. தீனி வேற பெருசு, இதுக வாயில போகாது.

— அந்தச் சிவப்பு மூடி டப்பிய எடு. தீனிய இடிச்சு, துணியில அரிச்சு வச்சிருக்கேன். வலைத் தடுப்பும் தொட்டிக்குப் பொறத்தால இருக்கு. பையப் பையச் சாச்சு வச்சா பெரியவன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வர மாட்டான்.

— இதெல்லாம் நான் சொல்லித் தரல்லியே.

— விஜின் சொன்னான். தெனமும் போவேன், ஒரு மணிக்கூர் அங்க நிப்பேன்.

— எப்போ இடிச்சீங்க? அப்பா, என்ன இது?

— சத்தம் போடாத. இடி இடிக்குது பாரு, பயப்படுது எல்லாம். அம்மைக்க வாய்க்கே திரும்ப ஓடுது. உள்ள போயிட்டு. அவளும் தொறந்து குடுக்கா.

— கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான். பயந்தா ஓடி வரும்.

— எத்தர நாளைக்கு?

— ஒரு வாரம் இருக்கும். அதுக்குப் பெறவு அது வாயத் தொறக்காது.

— தொறந்துட்டே இருந்தா?

— அது பட்டினி கெடந்து சாகும். குஞ்சும் நீந்திப் படிக்காது.

— அம்மைக்கே தெரியுமா, எப்பம் மூடணும்னு?

— தெரியும்போலத்தான் இருக்கு. அப்பா, சார் திரும்பக் கூப்பிடுறார். என்ன சொல்லட்டும்?

— வியாழக்கிழம வாறேன்னு சொல்லு மக்ளே. அந்தக் கண்ணாடிக் குழாயில உள்ள நிறம் நீலம். மொத டெஸ்ட்டுலயே எல்லாம் எனக்குத் தெரியும்.