மைக்கெண்டை

— பாலத்துத் தூண் பக்கம்னா தூண் பக்கந்தான். வலையைக் கொடு.

— கொடுக்க மாட்டேன். அங்கே முழங்கால் தண்ணி கூட இல்லை அண்ணி, அங்கே போய்...

— மீனுக்கு முழங்கால் இருக்கா?

— சொல்றதைக் கேளுங்க. அதோ வளைவுல ஒரு மரம் விழுந்து கிடக்குது பாருங்க. வேருக்கு அடியில நிழல், குளுமை. மைக்கெண்டை இருந்தா அங்கேதான் இருக்கும்.

— கண்ணாடித் தொட்டியில கலர் மீன் விக்கிறவனுக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்கண்ணன் பின்னாடி வாளி தூக்கினவ.

— வாளி தூக்கினா ஆச்சா? ஒரு நாளாவது வலை போட்டிருக்கீங்களா?

— இன்னிக்குப் போடறேன். அவர் இந்தப் பாறையில வழுக்கிக் காலை உடைச்சுக்காம இருந்தா, உன்கிட்ட பேச்சு வாங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?

— அவர் கால் உடையாம இருந்தா நான் மட்டும் கடையைப் பூட்டிட்டு இந்தச் சேத்துல நிப்பேனா?

— சரி, சண்டை போட்டே பொழுதை ஓட்டு. நாளைக்கு மீன்வள ஆபீஸ்காரங்க வீட்டுக்கே வந்து, இந்த ஆத்து மீனைக் கணக்கெடுக்கிறவர்னு அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போகட்டும். இந்த ஆத்துல மைக்கெண்டை இனிமே கிடையாதுன்னு.

— அதை அண்ணன் கையாலேயே எழுத வைக்கிறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. அத்தனை பேரும் சிரிச்சப்போ, இருக்குது இருக்குதுன்னு தனியா நின்ன மனுஷன்.

— நேத்து பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்துட்டிருந்தார். நான் கவனிக்கறேன்னு தெரிஞ்சதும் காகிதத்தைக் கசக்கிட்டார். சாப்பிடறீங்களான்னா தலையை ஆட்டறார். போதுமான்னா அதுக்கும் அதே ஆட்டல். எந்த ஆட்டல் எதுக்குன்னு...

— வலையைப் பிடிங்க. தூண்கிட்டயே போவோம்.

— ம்.

— இங்கேயா? இந்தப் பள்ளத்தோட வாயை யாரோ கல்லு அடுக்கி அடைச்சிருக்காங்களே.

— பசங்க விளையாடியிருப்பாங்க.

— இவ்வளவு நேர்த்தியாவா? சந்துக்கெல்லாம் சின்னக் கல்லு வேற...

— நீ சுவர் கட்டினவனைத் தேடாதே, வலையைத் தாழ்த்து. இன்னும். இடது பக்கம்... அந்த மூலையில...

— மூலையிலன்னு எப்படித் தெரியும்?

— மனசுல பட்டுது. தூக்கு.

— அண்ணி.

— என்ன?

— அண்ணி... இது...

— அடடே.

— என்ன அடடேங்கறீங்க, பால் பொங்கிட்ட மாதிரி? கண்ணைப் பாருங்க. மை தீட்டினாப்பல கறுப்புக் கோடு. மைக்கெண்டை அண்ணி. இருக்குது. அண்ணன் சொன்னது... அண்ணன் சொன்னதுதான் நிஜம்.

— டேய். அழறியா என்ன?

— யார் அழறா? தண்ணி தெறிச்சுது. போனை எடுங்க, அண்ணனுக்குச் சொல்லுங்க.

— இரு... இப்ப வேண்டாம்.

— ஏன்?

— ஒண்ணே ஒண்ணைக் காட்டினா ஆபீஸ்காரங்க ஒத்துப்பாங்களா? எங்கேயிருந்தோ தப்பி வந்ததும்பாங்க.

— எங்கேயிருந்து தப்பி வரும்? உலகத்துலேயே... சரி, நீங்க ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?

— வெயில்.

— இன்னொண்ணு வேணும், அவ்வளவுதானே? வேர்கிட்ட வாங்க. கண்டிப்பா கிடைக்கும்.

— கண்டிப்பான்னு எப்படிச் சொல்றே?

— மனசுல பட்டுது. பார்த்து வாங்க, இந்தக் கல்லு பாசி பிடிச்சிருக்கு. மீன் இருக்கிற வாளியை நான் வாங்கிக்கறேன்.

— வேண்டாம், எனக்குப் பழக்கந்தான். கல்யாணமான புதுசுல ஆத்துக்குப் போகலாம் வான்னு கூப்பிட்டார். நானும் நல்ல புடவையா பார்த்துக் கட்டிக்கிட்டு வந்தேன், ஏதோ நாலு வார்த்தை பேசப்போறார்னு.

— பேசினாரா?

— பேசினார். வாளியைக் கையில கொடுத்து, "ஆட்டாம பிடி"ன்னார்.

— அண்ணனுக்கு அதுவே அதிகம்.

— அன்னிக்குப் பிடிச்ச முதல் மைக்கெண்டையை என் உள்ளங்கையில தண்ணியோட ஊத்தினார். அப்போ அந்த முகத்தைப் பார்க்கணுமே... அந்த முகத்துக்காகத்தான்டா.

— எதுக்காக?

— ஒண்ணுமில்லை. இதென்ன, வேரிடுக்குல கொசுவலைத் துண்டு?

— அது ஆத்துல அடிச்சுட்டு வந்திருக்கும்.

— அடிச்சுட்டு வந்து, தானே முடிச்சும் போட்டுக்கிச்சாக்கும்.

— அண்ணி, வாளியைக் கிட்டக் கொண்டுவாங்க. முடிச்சை அவுத்துட்டேன்... வலையை உள்ளே விட்டுட்டேன்... தூக்கறேன்...

— ரெண்டு.

— ஆங்?

— வலையில ரெண்டு இருக்கு தம்பி. ரெண்டும் மைக்கெண்டை.

— ரெண்டு எப்படி...

— எப்படின்னா? நீதானே கண்டிப்பா கிடைக்கும்னே. என் போன் எங்கே? பையிலதானே போட்டேன்...

— அண்ணி, இருங்க.

— இனிமே என்ன இருக்கறது? மடியிலேயே போனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

— கொஞ்சம் இருங்கன்னு சொல்றேன்ல.

— இப்ப நீ ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?

— வெயில்.

— விளையாடாதே. ... இதென்ன, என் விரலை வந்து முட்டுது?

— எது?

— சும்மா வாளிக்குள்ள கையை வச்சேன். ரெண்டு மீன் மேலே வந்து விரலைக் கொத்துது, பாரு.

— அது... இரை போடறோம்னு நினைச்சுக்கும்.

— ஆத்து மீனுக்கு யாருடா இரை போடறா?

— நான்தான். தினமும். கடையில. திட்டறதுன்னா திட்டிடுங்க. அண்ணன் எப்பவோ கொடுத்த ஜோடி, பின்னாடித் தொட்டியில குஞ்சு பொரிச்சுதுல்ல, அதுல ஒண்ணு. காலையில வண்டியை நிறுத்திட்டு வர்றேன்னு போனேனே, அப்போ கொண்டுவந்து விட்டேன். அண்ணன் அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது, அதுக்கு மேல எதையும் யோசிக்கலை. ஆனா நீங்க தூண்கிட்ட நிஜமாவே பிடிச்சுட்டீங்க. இனிமே என்னோடதைக் கணக்குல சேர்த்துப் பாவத்தைக் கட்டிக்க வேண்டாம்னுதான்...

— நீ எத்தனை கொண்டுவந்தே?

— சத்தியமா ஒண்ணு.

— விரலைக் கொத்தறது ரெண்டு.

— அதான் எனக்கும் புரியலை... அண்ணி, ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

— நேத்து நீ சாப்பிடப் போனப்ப கடைக்கு வந்தேன். சாப்பாட்டு டப்பாவுல தண்ணி ஊத்தி, ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்துட்டேன். சாயங்காலமே அந்தப் பள்ளத்துல விட்டுக் கல்லை அடுக்கினதும் நான்தான்.

— ஐயோ. ஒண்ணு குறையுதேன்னு நான் பூனையை அடிச்சேனே.

— பாவம்டா. அதுக்கு ஏதாவது வாங்கிப் போடு.

— கடைப் பக்கமே வரமாட்டேங்குது, அவ்வளவு ரோஷம்.

— இந்தப் பொய்யை வச்சுத் தன் பேரைக் காப்பாத்தப் பார்த்தோம்னு உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா, உடைஞ்ச காலோட எழுந்து வந்து நம்ம ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளுவார்.

— தள்றதுக்கு முன்னாடி மீனை அளக்கிறாப்பல நம்ம நீளம் அகலம் அளந்துக்குவார்.

— சிரிப்பு மூட்டாதே. எனக்கு அழுகை வருது.

— சரி, வாங்க அண்ணி. நீங்க திருடினது ஒண்ணு, நான் திருடினது ஒண்ணு. கடையிலேயே கொண்டுபோய் விட்டுடலாம். அண்ணன்கிட்ட... கிடைக்கலைன்னு சொல்லிடுவோம்.

— இரு. நீ ஒண்ணு. நான் ஒண்ணு.

— ஆமா.

— வாளியில எத்தனை?

— ஒண்ணு, ரெண்டு... மூணு.

— கையை உள்ளே விடு. மெதுவா.

— ரெண்டும் வருது... அந்தக் கடைசி ஒண்ணு அடியில பதுங்குது. அண்ணி, அது ஓரத்துல போய் முட்டிக்குது. வாலைப் பாருங்க. எதுவோ கடிச்சு ஆறின தழும்பு. என் தொட்டியில கடிக்கறதுக்கு எது இருக்கு?

— கையை எடு. எடுடா, பயந்து சாகுது அது.

— வேருக்கடியிலேயே இருந்திருக்கு. நான் பாட்டுக்கு அது வீட்டுக்குள்ள ஒரு விருந்தாளியைத் தள்ளி, வாசலையும் அடைச்சுட்டுப் போயிருக்கேன்.

— போனைப் போட்டுக் கொடு. என் கையெல்லாம் ஈரம்.

— எத்தனைன்னு கேப்பார் அண்ணி.

— எத்தனை உண்டோ அத்தனை சொல்றேன். திருடினதை வீட்டுக்குப் போய் நம்ம ரெண்டு பேருமா நின்னு சொல்லிக்கலாம். போடு.

— அடிக்குது... எடுத்துட்டார். இந்தாங்க.

— ஏங்க, நான்தான்... ஒண்ணு இருக்குங்க. கையைப் பார்த்தா பயப்படுது.