பாதி பழசு, பாதி புதுசு

— மறுபடியும் போயிடுச்சு, குருவி. பிளானை மட்டும் பாத்தா சமத்தா இருக்கு. த்ரீடியைத் தொட்டதும் வரையற சாஃப்ட்வேரே மூடிக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?

— சொல்லிட்டுத்தான் போகும் அண்ணி. நமக்குக் கேக்கற இடத்துல சொல்லாது. அழாதீங்க.

— யாரு அழுதா? நூலகக் கமிட்டிக்காரங்க கிளம்பிட்டாங்களாம். தனியா வந்து நான் எடுத்த முதல் வேலை. சுத்திக் காட்டறேன்னு சொல்லிட்டு, வாயாலேயே கட்டடம் கட்டிக் காட்டவா?

— டெர்மினல்னு ஒரு கருப்புத் திரை காட்டினேனே, ஞாபகம் இருக்கா?

— நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்னைக்குக் காட்டின. அப்புறம் அந்தப் பக்கமே நான் தலை வச்சுப் படுக்கல.

— இப்ப படுங்க. அதுல சாஃப்ட்வேர் பேரை அடிச்சு, அங்கேருந்து திறங்க. சாகறதுக்கு முன்னாடி அது என்ன முனகுதோ, எல்லாம் அதுல விழும்.

— விழுது, விழுது. என்னென்னமோ கொட்டுது. கடைசி வரியில கிராஃபிக்ஸ், டிரைவர்னு ஏதோ இருக்கு.

— சரி. உடனே அது மேல பழி போட வேண்டாம். புது ஃபைல் திறந்து, வெறும் பெட்டி ஒண்ணு வரைஞ்சு, த்ரீடிக்குப் போங்க.

— பெட்டிக்கே விழுந்துடுச்சு.

— நல்லது.

— இதுல என்னடி நல்லது?

— உங்க ஃபைல் மேல தப்பு இல்ல. உங்க கை மேலயும் இல்ல.

— அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கு பாரு. அங்க என்ன சத்தம், மைக்கா?

— ஆபீஸ்ல ஒரு விசேஷம். நான் வெளியே படிக்கட்டுல உட்காந்திருக்கேன். புடவை வேற, காலைத் தடுக்குது.

— புடவையா? நீயா? ஜீன்ஸோட பிறந்தவளாச்சே.

— கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். ஒரு வரி சொல்றேன், எழுத்து பிசகாம அடிங்க. கிராஃபிக்ஸ் கார்டை ஒதுக்கி வச்சுட்டு, கம்ப்யூட்டரை அதோட சொந்தக் கையால வரையச் சொல்றோம்.

— இரு. ம்ம்... குருவி, நிக்குது. ஆமை மாதிரி நகருது, ஆனா விழல.

— அப்ப சாஃப்ட்வேரும் நிரபராதி. கார்டை ஓட்டற டிரைவர்தான் கோளாறு. சமீபத்துல ஏதாவது அப்டேட் பண்ணீங்களா?

— நேத்து கேட்டுச்சு. சரின்னுட்டேன். யாரு எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லித்தானே எனக்குப் பழக்கம்.

— அண்ணி.

— சரி, சரி. விடு.

— அதுக்கப்புறம் ரீஸ்டார்ட் பண்ணீங்களா?

— நான் இந்த லேப்டாப்பை அணைக்கறதே இல்லடி. மூடி வைப்பேன், திறப்பேன். உங்க வீட்டுலேருந்து நான் எடுத்துட்டு வந்தது இது ஒண்ணுதான். அணைச்சா திரும்ப வராதோன்னு ஒரு பயம்.

— அங்கதான் இருக்கு விஷயம். டிரைவர்ல பாதி புதுசா வந்து உட்காந்திருக்கு. நீங்க அணைக்காததால மீதிப் பாதி பழசாவே உள்ள ஓடிட்டிருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பிளானுக்கு அது பரவாயில்ல. த்ரீடின்னா ரெண்டும் பேசியே ஆகணும். அங்க விழுது.

— கையில ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாம எப்படிடி இதெல்லாம்? நான் காலையிலேருந்து சுவத்துல முட்டிக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா, தப்பு பண்ணாதவங்களை ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்பிட்டு, கடைசியா நிக்கறவனைப் பிடிக்கற. பொறாமையா இருக்கு.

— உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். சுவர் ஊறினா சுவரைத் திட்டாத, தண்ணி எங்கேருந்து வருதுன்னு பின்னாடியே போன்னு சமையல்கட்டுல நின்னு சொன்னீங்க. அம்மா கொத்தனாரோட சண்டை போட்டுட்டிருந்தாங்க. நீங்க மாடிக்குப் போய் ஒரு குழாயைத் திருகிட்டு வந்தீங்க.

— அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா?

— எல்லாத்தையும் சேவ் பண்ணுங்க. இப்ப ரீஸ்டார்ட்.

— பயமா இருக்கு.

— லைன்லயேதான் இருக்கேன்.

— கருப்பாயிடுச்சு. இன்னும் கருப்பாவே இருக்கு. ஏதாவது பேசு.

— என்ன பேச?

— உங்க அண்ணனுக்கும் எனக்கும் கோர்ட்ல எல்லாம் முடிஞ்சு போச்சு. நீ ஏன் இன்னும் என்னை அண்ணின்னு கூப்பிடற?

— தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்கும்தானே. அதுல என் பேரு இல்லையே.

— இரு, மூக்கைச் சிந்திக்கிட்டு வரேன்.

— அண்ணி? இருக்கீங்களா?

— இருக்கேன். வந்துடுச்சு. திறக்கறேன் இரு. த்ரீடி... சுத்துது குருவி. பம்பரமா சுத்துது.

— பிள்ளைங்க வாசிக்கற அறைக்குள்ள போங்க. அந்த ஜன்னல் எப்படி வந்திருக்கு?

— தரையை ஒட்டி வரிசையா வச்சிருக்கேன். உட்காந்து படிக்கற பிள்ளைக்குத் தோட்டம் முழுசும் தெரியும். நிக்கற பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குனிஞ்சாத்தான் உண்டு.

— இதெல்லாம் யாருக்கு அண்ணி தோணும்? கமிட்டிக்காரங்களை முதல்ல தரையில உட்கார வைங்க. அப்புறம் காட்டுங்க. வாயடைச்சுப் போயிடுவாங்க. இருங்க, இங்க யாரோ வராங்க.

— ஏண்டி, இங்கயா வந்து உட்காந்திருக்க? மண்டபம் பூரா தேடிட்டு வரேன். மாப்பிள்ளைக்குன்னு இருக்கறது நீ ஒரு தங்கச்சி. நீ வராம போட்டோ எடுக்க மாட்டேன்னு உங்க அண்ணன், கல்யாணப் பொண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கறான்.

— வரேம்மா, நீ போ. அண்ணி... கேட்டுடுச்சா? ஆபீஸ்னு சொன்னது... உண்மையைச் சொல்ல வாய் வரல.

— கல்யாணம் இன்னைக்குத்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும் குருவி. சாஃப்ட்வேர் விழுந்தது நிஜம். ஆனா, இன்னைக்கு நீ என் போனை எடுக்க மாட்டேன்னு எனக்குள்ளயே பந்தயம் கட்டித்தான் உன்னைக் கூப்பிட்டேன். தோத்துட்டேன். புடவையில படிக்கட்டுத் தூசி இருக்கும், தட்டிட்டுப் போய் நில்லு.