கிடங்குப் பிரிவின் பதினேழு பெயர்கள்

எங்கள் அலுவலகத்தில் பதினோரு மணி டீயோடு ஆளுக்கொரு சாமை முறுக்கு கொடுப்பார்கள், சார். ஜமுனாமரத்தூருக்கு வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் எனக்கு அது வந்ததே இல்லை. மெயில் சர்வர் அறைக்குள் மெஷின் மட்டும்தான் இருக்கிறது என்று டீ கொண்டுவரும் அம்மா நினைத்துவிட்டார். நானும் கேட்டதில்லை. யாரையும் தொந்தரவு செய்கிற சுபாவம் இல்லை எனக்கு.

மலையில் விளையும் சாமையையும் புளியையும் வாங்கிச் சுத்தம் செய்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. யார் யார் எந்தப் பிரிவு, யாருக்கு எந்த மெயில் போக வேண்டும் என்கிற பெயர்ப் பட்டியல்தான் என் பொறுப்பு. டைரக்டரி என்போம்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே கைத்தவறு. வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரை நீக்கப் போய், கொள்முதல் பிரிவு முழுவதையும் அழித்துவிட்டேன். அந்தப் பிரிவையும் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் சிவசங்கரி மேடம் அன்றுதான் முதன்முதலாக என் அறைக்குள் வந்தார்.

"இன்னா தீர்த்தகிரி, நான் யார்னே தெரியாதுங்குது கம்ப்யூட்டர். எல்லாம் போச்சா?"

"போவலைங்க மேடம். அழிச்சது ஆறு மாசம் உள்ளயே மறைவா கிடக்கும். எடுத்துடலாங்க."

இருபது நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். யார் அழித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் முறுக்கு வந்தது. இரண்டு.

மூன்று வாரம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மனிதர்களுக்கு மறதி இயல்பு. குறை சொல்ல மாட்டேன். நினைவூட்டத்தான் வேண்டும். ஆகவே இரண்டாம் தடவை விற்பனைப் பிரிவு. பத்தே நிமிடம். மேடம் பொன்னாடை போர்த்தினார். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள் என்றாலும் பொன்னாடை பொன்னாடைதானே.

முதலாளி தல்ஹா பாய் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வாணியம்பாடியிலிருந்து வருவார். என்னை 'கம்ப்யூட்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவர் கண்ணெதிரே ஒருமுறை செய்து காட்டினால் என் பெயர் அவர் மனதில் நிற்கும் என்று பட்டது. இதில் பேராசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கிடங்குப் பிரிவை அழித்தேன். பதினேழு பெயர்கள், அவர்களுக்கான பொது முகவரி ஒன்று. திங்கள் பத்தரைக்கு மீட்பது என்று திட்டம்.

ஐந்து மணிக்கு ஒரு மெயில் முகவரி இல்லாமல் திரும்பி வந்தது. அப்படித் திரும்புவது அனுப்பியவருக்குப் போகாமல் எனக்கு மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். திருப்பத்தூரிலிருந்து பூச்சிமருந்து வைக்க வரும் பூவரசன் அனுப்பியது. 'மூன்றாம் கிடங்கில் விஷவாயு மாத்திரை வைத்தாயிற்று. வியாழன் வரை யாரும் திறக்கக் கூடாது.' முழுவதும் படித்தேன். எதையும் அரைகுறையாகப் படிக்கும் பழக்கம் எனக்கில்லை.

இந்த மெயில் போனில் வந்தால், கிடங்கு மேற்பார்வையாளர் ராஜாக்கண்ணு அண்ணன் ஞாயிறானாலும் வந்து கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டிவிட்டுத்தான் போவார். எங்கள் கம்பெனி வழக்கம் அது.

ஞாயிறு ஒடுகத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மலை ஏறும் பஸ்ஸில் அண்ணன்தான் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"நேத்து சாய்ங்காலத்துலேர்ந்து போன்ல மெயிலே தொறக்க மாட்டேங்குது தம்பி."

"நாளைக்குப் பாத்துடலாம்ணே."

"மூணாம் கிடங்குல காலைல லாரிக்கு மூட்டை ஏத்தணும். மருந்து வெக்கிறவங்க எதுனா அனுப்பியிருப்பாங்களோன்னு ஒரு ரோசனை. உனக்கு எதுனா தெரியுமா?"

"உங்களுக்கு ஒண்ணும் வர்லண்ணே."

கவனியுங்கள் சார், இதில் பொய் இல்லை. அவருக்கு வரவில்லை. நிம்மதியாகச் சிரித்துவிட்டு, மடியில் இருந்த பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், மெயில் ஏன் திரும்பியது என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வைத்து மீட்டால் யார் பார்ப்பார்கள்? காலையில் அவர் சற்றுத் தாமதமாக வரக்கூடும் என்றும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

அவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்து தனியாக உள்ளே போனார். லாரிக்காரர் பார்த்துக் கூச்சல் போட்டபோது கால் மணி நேரம் கடந்திருந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. பத்தரைக்கு நான் வேலையை ஆரம்பித்தேன். ஆறே நிமிடம், என் வாழ்நாளில் அத்தனை சுத்தமாகச் செய்ததில்லை. தல்ஹா பாய் அந்த நேரம் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெயிலே அனுப்பவில்லை என்று பூவரசனை நீங்கள் உள்ளே வைத்து இன்றோடு பதினெட்டு நாள். அவனுக்காக நான் வரவில்லை. அவன் யாரோ, நான் யாரோ. சென்னையிலிருந்து வந்த நிபுணரின் அறிக்கை நகல் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது, படித்தேன். 'கிடங்குப் பிரிவின் பட்டியல் திங்களன்று தானாகவே சரியாகியுள்ளது' என்று எழுதியிருக்கிறார்.

படித்தவர் எழுதும் எழுத்தா இது? தானாக எதுவும் திரும்பி வராது, சார். அழித்ததும் நான், மீட்டதும் நான். இரண்டாவதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: பதினேழு பெயர்களையும் கொண்டுவந்தேன். ராஜாக்கண்ணு அண்ணன் உட்பட, ஒருவர்கூட விடுபடவில்லை.