குளியலறையில் ஒரு கம்பி

தங்கை: இதென்னக்கா... குளிக்கிற ரூம்ல பஸ் கம்பி?

அக்கா: கைப்பிடிடி. போன வாரம் என் மக வந்து போட வச்சா. பிடிச்சுப் பாரு, ஆடவே ஆடாது.

தங்கை: ம்... டிக்கெட் யார்கிட்ட வாங்கணும்?

அக்கா: போடி! தரையைப் பாத்தியா? சொரசொரன்னு ரப்பர் மேட். ஈரத்துலகூட வழுக்காது.

தங்கை: இதுவும் அவதானா?

அக்கா: பின்னே? கூடத்துல கால் தட்டுதுன்னு ஜமுக்காளத்தைச் சுருட்டி மேல போட்டுட்டா. கட்டில் பக்கத்துலயே ஒரு சுவிட்ச். "இருட்டுல எழுந்திரிக்காதேம்மா"ன்னு...

தங்கை: போதும், போதும். பெத்தா உன்னை மாதிரிப் பெக்கணும். நானும் பெத்தேனே ரெண்டு தடியன்களை!

அக்கா: அவனுங்களுக்கு என்னடி குறை?

தங்கை: ஒரு குறையும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா போன் வரும். "நல்லாருக்கியாம்மா?" "இருக்கேன்டா." அவ்ளோதான், டக்குனு வச்சிருவானுங்க. நமக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்... புதுச் சட்டை உனக்கு, சாயம் போனது எனக்கு.

அக்கா: அறுபத்தெட்டு வயசுல சட்டைச் சண்டையா?

தங்கை: எரியுதுக்கா. உன்கிட்ட என்ன மறைக்கிறது? இந்தக் கம்பியைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

அக்கா: சரி... அந்தக் கையை ஏன் முந்தானைக்குள்ளயே வச்சிருக்க?

தங்கை: அது... தூங்குறப்போ சுளுக்கிருச்சு.

அக்கா: காட்டு.

தங்கை: விடுக்கா...

அக்கா: காட்டுடி! ஐயோ... சுளுக்கு இப்படியா கன்னிப்போகும்? எங்க விழுந்த?

தங்கை: குளிக்கப் போனப்போ... செவ்வாய்க்கிழமை. வாளியைப் பிடிச்சேன். அதுவும் என்கூடவே கவுந்துருச்சு.

அக்கா: யாரு தூக்கிவிட்டா?

தங்கை: யாரு இருக்கா? தவழ்ந்து வாசப்படிக்கு வர ஒரு மணி நேரம் ஆச்சு. பசங்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லிராதே. உனக்கென்ன... தாங்குறதுக்கு மக இருக்கா.

அக்கா: அவ இந்தப் பக்கம் வந்தே எட்டு மாசம் ஆச்சுடி.

தங்கை: என்னது? இதெல்லாம்...?

அக்கா: நானும் இதே இடத்துலதான் விழுந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடல. பிளம்பரைக் கூப்பிட்டு நானேதான் போட வச்சேன். நாளைக்கு உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்.

தங்கை: அப்புறம் ஏன்க்கா மக, மகன்னு பெருமை அடிச்ச?

அக்கா: நீ பொறாமைப்படணும்னுதான். என்னைப் பாத்துப் பொறாமைப்பட... உன்னை விட்டா இப்ப யாருடி இருக்கா?