நாய்க்கு நட்ட கல்

மாசி ஒன்பது, செவ்வாய், காலை ஏழு பத்து. பனி இன்னும் விலகவில்லை. தேவனூர் நாடு என்ற மலையூரின் நிறுத்தத்தில் உட்கார்ந்து பேருந்துக்குக் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து நாய்க்குன்னு ஒரு கல்லு நட்டேன் கண்ணு,” என்றாள் மூத்தவள்.

“ஐயோ, செத்துப்போச்சுங்களா அக்கா?”

“அதெங்க சாகுது? மொளகு காயப்போடற களத்து மூலைக்கல்லுல தெனமும் காலைத் தூக்குது. அது போனா அடுத்த நாய் வந்து மோந்து பார்த்துட்டு, அதும்மேலயே ஒன்னுக்கு அடிக்குது.”

“நீலத்தண்ணி பாட்டில் வெச்சா அண்டாதும்பாங்களே?”

“வெச்சேன். பாட்டில் மேலயும் அடிச்சுட்டுப் போச்சு.”

இளையவள் சிரித்தாள். “கல்லைக் கழுவலீங்களா?”

“கழுவக் கழுவப் புதுசா அடிக்குது. மூட்டை நாறுதுன்னு ஏவாரி திருப்பிட்டான். அதான், கல்லையே பேத்தெடுத்து, கழுவாம இங்க கொண்டாந்து நட்டுட்டேன். வாசம் இருக்கற எடத்துக்குத்தான வரும்? இனி ஒரு மொளகு நனைய உடமாட்டேன்.”

செவலை நாய் ஒன்று வந்து என் எதிரே நின்று, என்னையே பார்த்தது.

“பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க,” என்றாள் மூத்தவள். “நீங்க குந்தியிருக்கறதுதான் அந்தக் கல்லு. எடமில்லைன்னு திரும்புச்சுன்னா நேரா என் களத்துக்குத்தான் போகும்.”

எழுந்தேன். வேட்டி சலவைக்கு நாற்பது ரூபாய் ஆனது.