அரியூரில் கேட்ட ஒப்பாரி

தனக்கொடி: கல்யாணத்தப் பதியறன்னு மேரி ஆபீசுக்குப் போனவரு தலை ஏன்யா ஈரமா இருந்துச்சு?

சாமிக்கண்ணு: வேர்வ.

தனக்கொடி: வேர்வையா? உன் வேட்டியப் புழிஞ்சவ நானு. ஆடு மாடுக்கே தண்ணி காட்டலாம் போல வந்துச்சு.

சாமிக்கண்ணு: வில்லியனூர் ஆத்துல முங்குனன். வெயிலு. மனுஷன் குளிச்சா குத்தமா?

தனக்கொடி: வருஷம் பூரா 'குளிய்யா, குளிய்யா'ன்னு நான் தொண்ட வறளக் கத்தணும். நேத்து மட்டும் தன்னால போயி முங்குனியாக்கும்!

சாமிக்கண்ணு: பொண்ணுக்குக் கல்யாணம் வருதில்ல... சுத்தமா இருக்கலாம்னுதான்.

தனக்கொடி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

சாமிக்கண்ணு: அதத்தான் தாலி கட்டுன நாள்லேருந்து பாத்துக்கினு இருக்கன்.

தனக்கொடி: அரியூர்ல நேத்து சாவாமே. பிரான்சுக்காரன் பட்டாளத்துல சேந்து சைகோன் வரைக்கும் போயிட்டு வந்தாரே, அந்த சொல்தா கெழவரு.

சாமிக்கண்ணு: வயசானவரு. போனாரு.

தனக்கொடி: சாவு வூட்டுக்குப் போனவன்தான் தல முழுகிட்டு வூட்டுக்குள்ள வருவான்.

சாமிக்கண்ணு: சரி, போனன். மெதுவாப் பேசு, அமுதம் உள்ள இருக்கா.

தனக்கொடி: ஐயோ, பந்தக்கால் நட்டுட்டமேய்யா! பந்தக்கால் நட்ட வூட்டுக்காரன் சாவு வூட்டுப் படிய மிதிக்கலாமா?

சாமிக்கண்ணு: படிய எங்க மிதிச்சன்? வைக்கப்போருக்குப் பின்னாடிதான் நின்னன்.

தனக்கொடி: பாகூராங்க வூட்டு சம்பந்தம் போன தையில எதுக்கு முறிஞ்சிது? பந்தக்கால் நட்டப்புறம் பொண்ணோட சித்தப்பன் பாடை தூக்கப் போனான்னுதான? அந்தப் பொண்ணு இன்னும் வூட்லயே குந்திக்கினு இருக்கு. நம்ம அமுதத்துக்கும் அந்தக் கதி வேணுமா உனக்கு?

சாமிக்கண்ணு: என்ன எவனும் பாக்கல.

தனக்கொடி: செத்தவரு உனக்கு மாமனா, மச்சானா?

சாமிக்கண்ணு: யாரும் இல்ல.

தனக்கொடி: அப்புறம் இன்னாத்துக்குப் போன?

சாமிக்கண்ணு: ...கலியம்மா ஒப்பாரி பாடறாள்னு சொன்னாங்க.

தனக்கொடி: தூ! நடவுக்கு ஆள் கூப்புடுய்யான்னா கையப் பாக்காம, கொரலப் பாத்து ஆள் எடுக்கற ஜென்மம் நீ. நாத்தெல்லாம் கோணக்க மாணக்க நிக்குது.

சாமிக்கண்ணு: கோணலா நின்னா இன்னா? வெளஞ்சிதா இல்லியா?

தனக்கொடி: பாட்டு வேணும்னா கோயில்ல கேளு. கூத்துல கேளு. ஒப்பாரியக் கேக்கறதுக்கு ஒளிஞ்சிக்கினு போற ஆம்பளைய எந்த ஊர்ல பாத்திருக்க?

சாமிக்கண்ணு: கூத்துல காசுக்குப் பாடறான். கோயில்ல சாமிக்குப் பயந்து பாடறான். நான் எவனையும் நம்பறவன் இல்ல, உனக்கே தெரியும். ஒப்பாரிய மட்டும் நம்புவன். அதுல பொய் இருக்காது.

தனக்கொடி: இருக்காதா? மாமியா எதிர்ல வந்து நின்னாத்தான் பாதிப் பேருக்கு அழுகையே வருது.

சாமிக்கண்ணு: அது அழுக. நான் சொல்றது பாட்டு. உன்னக் கட்டிக்கினதே அப்பிடித்தான... உங்க வூட்ல கேவுரு திரிக்கறப்ப நீ பாடுன. வேலி ஓரமா நின்னு கேட்டுட்டுத்தான் எங்கப்பன்கிட்ட போயி சொன்னன்.

தனக்கொடி: இன்னா? இத்தன வருஷமா இத நீ சொன்னதே இல்லியே!

சாமிக்கண்ணு: சொன்னா நிறுத்திடுவன்னு பயம்.

தனக்கொடி: இந்தப் பேச்சுல மயங்க மாட்டன் நான்... இரு, வண்டிச் சத்தம். அடியாத்தே, திருபுவனை வண்டி! மாப்பிள்ளையோட அம்மா வருது!

சாமிக்கண்ணு: கனகாம்பாளா? சொல்லாம கொள்ளாம எதுக்கு வருது? சீர் அண்டாவத் தட்டிப் பாக்க வந்திருக்கும்.

தனக்கொடி: வாயத் தொறக்காத. உனக்குக் கும்புடு போடறன். வாங்க சம்பந்தி, வாங்க!

கனகாம்பாள்: வரேன் சம்பந்தி. எங்க, எம் மருமவளக் காணோம்?

தனக்கொடி: உள்ள கம்பு பொடைக்குது. கூப்புடட்டா?

கனகாம்பாள்: வேணாம், வேணாம். அது வராம இருக்கறதே நல்லது. அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வெடிஞ்சதும் வண்டி கட்டுனன். நேத்து அரியூர்ப் பக்கம் போனீங்களா?

சாமிக்கண்ணு: இல்ல.

தனக்கொடி: மேரி ஆபீசுக்குப் போயிருந்தாரு சம்பந்தி. கல்யாணத்தச் சொல்லி வைக்க.

கனகாம்பாள்: உங்களாட்டம் ஒருத்தர அங்க வைக்கப்போர்கிட்ட பாத்ததா ஒரு பேச்சு.

சாமிக்கண்ணு: என்னாட்டம் ஊருக்கு நாலு பேரு. எவனோ சொன்னான்னா வண்டி கட்டிக்கினு வந்துடறதா?

கனகாம்பாள்: கல்யாணக் காரியமாச்சே அண்ணே. இல்லன்னா சரி, எனக்கும் நிம்மதி. கலியம்மா நேத்து உருக்கிட்டாளாமே?

சாமிக்கண்ணு: எனக்கு இன்னா தெரியும்?

கனகாம்பாள்: "ஏழு கடல் தாண்டிப் போயி எனக்குச் சேதி அனுப்பினீரே"ன்னு எடுத்தாளாம்.

சாமிக்கண்ணு: ம்.

கனகாம்பாள்: "சுடுகாடு தாண்டிப் போயி ஏன் சேதி அனுப்பலியே"ன்னு முடிச்சாளாம்.

சாமிக்கண்ணு: சுடுகாடா?

தனக்கொடி: இந்தாய்யா, மாடு கத்துது. போயிப் பாரு.

சாமிக்கண்ணு: இருடி. சுடுகாடுன்னு எவ சொன்னா?

கனகாம்பாள்: அப்பிடித்தான் பாடுனாளாம்.

சாமிக்கண்ணு: பாடவே இல்ல! கலியம்மா வாயில அந்தச் சொல்லு வருமா? "இந்தத் தெரு தாண்டிப் போயி ஏன் சேதி அனுப்பலியே." தெரு! ஏழு கடலுக்கு எதிர்ல ஒரு சின்னத் தெருவக் கொண்டாந்து வச்சா பாரும்மா, அந்தப் பொம்பள! சைகோன்லேருந்து சேதி வந்துச்சு, தெருக்கோடியிலேருந்து வரல. அதுல போயி சுடுகாட்டக் கொட்டுனா பாட்டு வெளங்குமா?

தனக்கொடி: போச்சு. எல்லாம் போச்சு.

கனகாம்பாள்: கிட்ட இருந்து கேட்டவராட்டம் சொல்றீங்களே அண்ணே.

தனக்கொடி: சம்பந்தி, உங்க கால்ல வுழுறன். இந்த மனுஷன் பண்ண கூத்துக்கு எம் பொண்ண...

சாமிக்கண்ணு: எழுந்திரு தனக்கொடி. நான் சொல்றன். ஆமாம்மா, போனன். பாட்டு கேக்கத்தான் போனன். எம் பொண்ணுக்கு இது தெரியாது, இவளுக்கே இப்பத்தான் தெரியும். திட்டணும்னா என்னத் திட்டுங்க. பொண்ணு மேல பழியப் போட்டு முறிச்சிடாதீங்க.

கனகாம்பாள்: அது இருக்கட்டும். அங்க பொம்பளைங்க பக்கம் யார் யாரப் பாத்தீங்க?

சாமிக்கண்ணு: பொம்பளைங்களப் பாக்கறதுக்கா போனன்? காதக் குடுத்துக்கினு நின்னன்.

கனகாம்பாள்: கலியம்மா மட்டுந்தான் பாடுனாளா?

சாமிக்கண்ணு: அத ஏன் கேக்கறீங்க... நேத்து கலியம்மாவே ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு.

கனகாம்பாள்: ஏன் அப்பிடி?

சாமிக்கண்ணு: நடுவுல அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. பின்னாலேருந்து முக்காடு போட்ட ஒருத்தி எடுத்தா...

"சைகோன் பட்ட உடுத்தையிலும்
சரியில்லேன்னு சொன்னீரே
கோடித் துணி போத்தையிலே
கொறை ஒண்ணும் சொல்லலியே..."

தனக்கொடி: பொண்ணு வாழ்க்க தொங்குது, இங்க குந்திக்கினு பாடறாரு பாரு!

கனகாம்பாள்: பாடட்டும் விடுங்க. அந்த முக்காடு போட்டவ... எப்பிடிப் பாடுனா?

சாமிக்கண்ணு: கொரலு ஒண்ணும் நல்லா இல்ல.

கனகாம்பாள்: நல்லா இல்லியா!

சாமிக்கண்ணு: கரகரன்னு இருந்துச்சு. உரல்ல கம்பு குத்தறாப்புல. ஆனா, குத்து வுழ வேண்டிய எடத்துல வுழுந்துச்சும்மா. பறையடிக்கறவன் குச்சியக் கீழ வச்சிட்டான். எங்கம்மா செத்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வரல, கல்லாட்டம் நின்னன்னு ஊரே பேசுச்சு. நேத்து யாரோ ஒரு கெழவருக்கு நின்னு அழுதன். அம்மாவையும் சேத்து அழுதன். அந்தக் கெழவி வாயால இன்னொரு தபா கேட்டா...

கனகாம்பாள்: கெழவியா?

சாமிக்கண்ணு: எவளோ. முகம் பாத்திருந்தா கால்லயே வுழுந்திருப்பன்.

கனகாம்பாள்: முகத்தப் பாக்கலியா? நெசமா?

சாமிக்கண்ணு: எம் பொண்ணு மேல ஆணையாப் பாக்கல.

தனக்கொடி: சம்பந்தி... கல்யாணம்?

கனகாம்பாள்: நடக்கும் சம்பந்தி, கண்ணத் தொடைங்க. குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க, நேத்துப் பாடுனதுலேருந்து தொண்ட எரியுது... அண்ணே, இது நம்ம மூணு பேரோட போவட்டும். எங்க வூட்லயும் பந்தக்கால் நட்டாச்சு.